கிராம்பு வைத்தால் கிருமி சாகுமா? – வாசகர் கேள்வி பதில்

பல் நோய்களுக்குக் காரணமான கிருமிகளைத் தாவரச் சாறுகள் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. பல் மருத்துவக் கல்லூரியில் வாய் நுண்ணுயிரியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கடைவாய்ப் பல் சொத்தையாகி இரண்டு மாதமாகத் தாங்க முடியாத வலி. என் மாமியார் சொன்னபடி கிராம்பைத் தட்டிப் பல்லில் வைத்துவந்தேன். இப்போது வலி முழுவதும் நின்றுவிட்டது. கிராம்பு கிருமியைக் கொன்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? இனி மருத்துவரிடம் போகத் தேவையில்லை அல்லவா?
– வாசகி, திருநெல்வேலி

அம்மா, தயவுசெய்து இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மாதம் வலித்த சொத்தைப் பல் திடீரென்று அமைதியாகிவிட்டது என்று கேட்டால் எங்களுக்கு நிம்மதி வருவதில்லை, கவலைதான் வருகிறது.

உங்கள் மாமியார் சொன்னது வெறும் நம்பிக்கை அல்ல. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 முதல் 90 விழுக்காடு வரை, யூஜினால் என்னும் பொருள்தான். அது பல்லின் நரம்பு வலிச் செய்தியைக் கடத்துவதைத் தடுத்து, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிறது. போதிய செறிவில் இருந்தால் பாக்டீரியாவின் மேற்சவ்வைச் சிதைத்து, உள்ளிருப்பதை வெளியே கசியவிட்டு அதைக் கொல்லவும் செய்கிறது. யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பல் மருத்துவர்களே நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறார்கள்.

ஆனால் உங்கள் பல்லில் கிருமி இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சொத்தை எனாமலில் தொடங்கி, அதன் கீழுள்ள தந்தினியைக் குடைந்து, நடுவிலுள்ள பற்கூழை எட்டும்போதுதான் இரவில் தூங்கவிடாத வலி வருகிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் அந்தக் கூழ் கிருமித் தாக்குதலால் வீங்குகிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீக்கத்துக்கு இடமில்லாமல் நெருக்குண்டு, கடைசியில் இறந்துபோகிறது. கூழ் இறந்தால் நரம்பும் இறக்கிறது, வலியும் நிற்கிறது. கிருமிகள் மட்டும் நிற்பதில்லை. செத்த திசுவை உணவாகக் கொண்டு, காற்று தேவைப்படாத பாக்டீரியாக்கள் அங்கே பெருகி, வேர் நுனியின் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் சீழாகத் திரள்கின்றன. மேலே தட்டி வைத்த கிராம்பின் எண்ணெய் வேர் நுனி வரை இறங்காது. சொல்லப்போனால் மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் இதே நிலைதான். இரத்த ஓட்டம் அற்றுப்போன கூழுக்குள் இரத்தத்தில் வரும் மருந்து எப்படிச் சேரும்? காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தர வேண்டாம், பல்லிலேயே நேரடியாகச் சிகிச்சை செய்யுங்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சிகிச்சை வேர்க்குழாயைத் திறந்து சுத்தம் செய்து அடைப்பதாக இருக்கலாம், அல்லது பல்லை எடுப்பதாக இருக்கலாம். வேறு குறுக்குவழி கிடையாது.

இடையில் தாடைக்குக் கீழோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் கண்டாலும், வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமாக இருந்தாலும், காய்ச்சல் வந்தாலும், மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துப் பகுதிக்குப் பரவி மூச்சுக்குழாயை நெருக்கும் நோயை 1836இலேயே ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்திருக்கிறார். இன்றும் அது அவர் பெயரால்தான் அறியப்படுகிறது, இன்றும் உயிரைப் பறிக்கிறது.

கேள்வி: நான் முதுகலை நுண்ணுயிரியல் மாணவி. திட்டப்பணிக்காகக் கொய்யா இலையின் எத்தனால் சாற்றை, சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் கிருமி மீது சோதித்தேன். 18 மில்லிமீட்டர் தடுப்பு வளையம் கிடைத்தது. ஒப்பீட்டுக்காக வைத்த குளோர்ஹெக்ஸிடின் வாய்க் கொப்பளிப்பானுக்கு 20 மில்லிமீட்டர். ‘கொய்யா இலை ஏறத்தாழ குளோர்ஹெக்ஸிடினுக்குச் சமம்’ என்று அறிக்கையில் எழுதலாமா?
– மாணவி, கோயம்புத்தூர்

எழுத வேண்டாம். உங்கள் சோதனையில் தவறு ஒன்றும் இல்லை. அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மூலிகைச் சாறு பற்றி வெளிவரும் அறிவிப்புகளில் பலவும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் சறுக்குகின்றன என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மற்ற வாசகர்களுக்காக முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரி தட்டில் உறைந்த அகார் கூழின் மேல், குறிப்பிட்ட கலங்கல் அளவுக்குக் கரைத்த பாக்டீரியாவைப் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவி, 6 அல்லது 8 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு குழிகள் தோண்டி, ஒவ்வொரு குழியிலும் சாற்றைச் சில சொட்டுகள் விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். பாக்டீரியா வளர்ந்த இடம் மங்கிய வெண்படலமாகத் தெரியும். சாறு பரவிக் கிருமியைத் தடுத்த இடம் குழியைச் சுற்றித் தெளிந்த வட்டமாக நிற்கும். அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் மாணவி 18 மில்லிமீட்டர் என்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குழியில் விட்ட சாற்றின் செறிவு என்ன? இத்தகைய திட்டப்பணிகளில் வழக்கமாக வைப்பது மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். கடையில் வாங்கும் குளோர்ஹெக்ஸிடின் 0.2 விழுக்காடு, அதாவது மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம். நீங்களும் அப்படித்தான் வைத்தீர்கள் என்றால், ஐம்பது மடங்கு அதிகமான பொருளை வைத்து அதைவிடச் சற்றுச் சிறிய வட்டம் பெற்றிருக்கிறீர்கள். இதைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

வட்டத்தின் அளவும் கிருமியைக் கொல்லும் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. ஒரு பொருள் அகாரின் ஈரத்தில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. துவர்ப்புத் தரும் டானின்கள் பெரிய மூலக்கூறுகள், அவை மெதுவாகவே நகரும். கிராம்பு எண்ணெய் போன்றவை தண்ணீரில் சரியாகக் கரையாமல் குழியிலேயே தங்கும், ஆவியாகியும் போகும். அதனால் வலிமையான பொருள் சிறு வட்டத்தையும், வலிமை குறைந்த ஒன்று பெரிய வட்டத்தையும் காட்டக்கூடும். போதாதற்குச் சாறு எடுக்கப் பயன்பட்ட கரைப்பான் இருக்கிறது: எத்தனாலே கிருமிநாசினி. சாற்றிலிருந்து அதை முழுவதும் ஆவியாக்கினீர்களா, வெறும் கரைப்பானை மட்டும் விட்ட குழி ஒன்றைத் தட்டில் வைத்தீர்களா என்பதை உங்கள் தேர்வாளர் கட்டாயம் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

எனவே அடுத்த படியாக, சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குறைந்த செறிவு வரை கிருமி வளராமல் இருக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். வளராத குழாய்களிலிருந்து எடுத்துப் புதிய தட்டில் தடவி, ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சாத செறிவு எது என்றும் பாருங்கள். முன்னது வளர்ச்சியைத் தடுக்கும் அளவு, பின்னது கொல்லும் அளவு. இந்த இரண்டு எண்களைத்தான் மற்ற பொருள்களுடன் ஒப்பிட முடியும்.

கொய்யா இலையைத் தேர்ந்தெடுத்ததற்காக உங்களைப் பாராட்டுகிறேன். உங்களுக்கு முன்பே நல்ல பணி ஒன்று நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கொய்யா இலையிலிருந்து குவைஜவெரின் என்ற ஃபிளேவனாய்டு வகைத் தாவர வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைக் கட்டுப்படுத்துவதை 2006இல் வெளியிட்டார்கள். தேவைப்பட்ட செறிவு மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம். குளோர்ஹெக்ஸிடினோடு ஒப்பிட்டால் அது மிக அதிகம். அதுவும் கிருமியைக் கொல்லவில்லை, பெருகாமல் நிறுத்தியது. இவ்வளவோடு படித்து நிறுத்தியிருந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொருள் கிருமி பரப்பில் ஒட்டிக்கொள்வதைக் கணிசமாகக் குறைத்தது என்பதையும் அவர்கள் அளந்திருந்தார்கள். என் கணிப்பில், தாவரச் சாறுகளின் உண்மையான எதிர்காலம் அந்த அளவீட்டில்தான் இருக்கிறது.

ஏன் என்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் தீங்கு செய்வது ஒட்டிக்கொள்ளும் திறமையால்தான். 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்துப் பெயரிட்டார். நாம் உண்ணும் சர்க்கரையைத் தன் நொதியால் குளுக்கான் என்னும் பசையாக மாற்றி, அந்தப் பசையால் எனாமலைப் பற்றி, மற்றக் கிருமிகளையும் சேர்த்துக்கொண்டு படலமாகப் படிகிறது. மிச்சச் சர்க்கரையை அமிலமாக்குகிறது. படலத்தின் அடியில் pH எண் (அமிலம் கூடக் கூட இது குறையும்) 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலின் தாது கரையத் தொடங்குகிறது. பசை உண்டாக்கும் அந்த நொதியைத் தடுத்துவிட்டால் கிருமி உயிரோடு இருந்தாலும் பல்லில் நிற்க இடமில்லாமல் எச்சிலோடு போய்விடும். பச்சைத் தேயிலையிலுள்ள கேட்டகின்கள் என்னும் பொருள்கள் இந்த நொதியைத் தடுப்பது ஆய்வகத்தில் நன்கு காட்டப்பட்டிருக்கிறது. உங்கள் சாற்றையும், கிருமியைக் கொல்லும் அளவுக்கு மிகவும் கீழான செறிவில், கண்ணாடிக் குழாயில் ஒரு விழுக்காடு சர்க்கரை சேர்த்து வளர்த்து, சுவரில் எவ்வளவு படலம் ஒட்டுகிறது என்று சாயமேற்றிப் பாருங்கள். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

படலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தட்டில் தடவிய கிருமி தனித்தனியாக, பாதுகாப்பின்றிக் கிடக்கிறது. பல்லில் அது குளத்துப் படிக்கட்டில் பிடித்த பாசியைப் போலப் பசைக்குள் புதைந்து வாழ்கிறது. அந்த நிலையில் அதைக் கொல்லப் பல நேரங்களில் நூறு மடங்குக்கும் மேற்பட்ட செறிவு தேவைப்படுகிறது. இரண்டு நாள் தட்டில் நிகழ்ந்த தொடர்பு வாயில் கிடைப்பதில்லை என்பதும் உண்டு. கொப்பளிப்பது அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம். அதன்பின், நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் எச்சில் மருந்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். குளோர்ஹெக்ஸிடின் பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவருவதால்தான் அதற்கு அவ்வளவு நற்பெயர். ஒட்டி நிற்காத சாறு தட்டில் எத்தனை பெரிய வட்டம் காட்டினாலும் வாயில் தோற்றுவிடும்.

அறிக்கையில் இப்படி எழுதுங்கள்: ‘கொய்யா இலையின் எத்தனால் சாறு, குறிப்பிட்ட செறிவில், இந்தக் கிருமி வகையின் வளர்ச்சியை அகாரில் தடுத்தது, வெறும் கரைப்பான் தடுக்கவில்லை.’ இலையை எந்த ஊரில், எந்த மாதத்தில் பறித்தீர்கள், தாவரவியலாளர் அடையாளம் உறுதி செய்தாரா, நிழலில் உலர்த்தினீர்களா, கிருமி வகையைச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்து வாங்கினீர்களா, நோயாளியிடமிருந்து பிரித்தீர்களா என்பவற்றையும் சேருங்கள். அடுத்து வருபவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிந்தால்தான் உங்கள் உழைப்பு நிற்கும்.

கேள்வி: ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று பெரியவர்கள் சொன்னதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா? பற்பசையை விட்டுவிட்டுக் குச்சிக்கு மாறலாமா? எங்கள் பகுதியில் மிஸ்வாக் குச்சியும் பலர் பயன்படுத்துகிறார்கள்.
– வாசகர், நாகப்பட்டினம்

ஆலம் விழுதிலும் கருவேலம் பட்டையிலும் டானின்கள் நிறைய உண்டு. அவை புரதத்தோடு பிணைந்து ஈறின் மேல்தோலை இறுக்குகின்றன, கிருமியின் புரதங்களையும் செயலிழக்கச் செய்கின்றன. குச்சியை மென்று நாராக்கித் தேய்க்கும்போது படலம் உராய்ந்து அகல்கிறது. இந்த உராய்வின் பங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். படலத்தை உடைத்த பிறகு எந்த மருந்தும் கூடுதலாக வேலை செய்யும், உடைக்காமல் எந்த மருந்தும் முழுமையாக வேலை செய்யாது. வேப்பங்குச்சிக்கும் இது பொருந்தும்.

மிஸ்வாக் எடுக்கப்படுவது உகா மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. குச்சித் துண்டுகளை அகாரில் புதைத்துப் பார்த்ததோடு, தட்டைத் தொடாமல் மேலே தொங்கவிட்டும் பார்த்தார்கள். தொடாத துண்டும் கிருமியைத் தடுத்தது. ஆவியாகும் பொருள் ஒன்று வேலை செய்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. அது பென்சைல் ஐசோதயோசயனேட் என்பதை 2011இல் அவர்களே காட்டினார்கள். முருங்கை, முள்ளங்கி போன்றவற்றின் காரத்துக்குக் காரணமான வகையைச் சேர்ந்த வேதிப்பொருள் அது. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற கிருமிகள் அதற்கு எளிதில் பணிந்தன. சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அவ்வளவாகப் பணியவில்லை. ஒரே குச்சி ஈறுக்கு நல்லதாகவும் சொத்தைக்கு அரைகுறையாகவும் இருக்கலாம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

குச்சியைத் தொடருங்கள், தடையில்லை. உலக சுகாதார நிறுவனமே மிஸ்வாக் வழக்கத்தை 1986இல் ஊக்குவித்திருக்கிறது. ஆனால் பற்பசையை விட வேண்டாம். கரையத் தொடங்கிய எனாமலைத் திரும்பக் கெட்டிப்படுத்துவது ஃபுளோரைடு. அது எந்தக் குச்சியிலும் போதிய அளவில் கிடையாது. காலையில் குச்சி, இரவு படுக்குமுன் ஃபுளோரைடு பற்பசை என்று வைத்துக்கொள்ளலாம். குச்சியைப் பல்லின் குறுக்கே அழுத்தி இழுக்காமல், ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் தேயுங்கள். குறுக்கே அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு ஈறு இறங்கி வேர் தெரிவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

கேள்வி: கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பல்லிலிருந்து புழு விழுகிறது. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். இது எப்படி?
– வாசகர், தருமபுரி

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை, ஆனால் அது பல்லிலிருந்து வந்த புழு அல்ல. ஐரோப்பாவிலும் நூற்றாண்டுகளாக இதே வைத்தியம் நடந்தது. கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையை அங்கே எரித்தார்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளிருக்கும் வெண்மையான முளைக்கரு சுருண்டு வெளியே விழும். பார்ப்பதற்குச் சிறு புழுவாகவே இருக்கும். நோயாளியே இல்லாமல் விதையை மட்டும் சூடாக்கினாலும் அது விழும். பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் சொத்தைப் பற்களை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் புழு எதையும் காணவில்லை என்று 1728இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். புகை பிடித்தபின் வலி சற்றுத் தணிந்ததாகத் தோன்றலாம். சொத்தை அப்படியே இருக்கும், வாயின் உட்தோல் சுட்டுக்கொள்ளவும் கூடும். இந்த வைத்தியத்தைக் கைவிடுங்கள்.

கேள்வி: வேர்ச் சிகிச்சை செய்த பல் மூன்று ஆண்டு கழித்து மீண்டும் சீழ் பிடித்துவிட்டது. திரிபலா போன்ற மூலிகை நீரால் வேரைக் கழுவினால் மறுபடி வராது என்று படித்தேன். மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்கலாமா?
– வாசகர், சேலம்

சிகிச்சைக்குப் பின் மீண்டும் சீழ் பிடிக்கும் வேர்களில் அடிக்கடி கிடைக்கும் கிருமி என்டரோகாக்கஸ் ஃபேகாலிஸ். உணவின்றி நெடுநாள் தாங்கும். தந்தினியின் நுண்குழாய்களுக்குள் புகுந்துகொள்ளும். வேருக்குள் மருந்தாக வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தன்மையையும் சமாளிக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் புதிய மருந்துகளை இதன் மேல் சோதிக்கிறார்கள்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தழுவியதாக இருக்கலாம். பிடுங்கிய மனிதப் பற்களில் இந்தக் கிருமியை மூன்று வாரமும் ஆறு வாரமும் படலமாக வளர்த்து, திரிபலா, பச்சைத் தேயிலைச் சத்து, 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் முதலியவற்றால் கழுவிப் பார்த்தார்கள். திரிபலாவும் தேயிலையும் குறிப்பிடத்தக்க அளவில் வேலை செய்தன. ஆனால் முதலிடம் ஹைப்போகுளோரைட்டுக்குத்தான். வெறும் அகார் தட்டில் நிறுத்தாமல் பல்லிலேயே படலத்தை வளர்த்துச் சோதித்தது அதன் சிறப்பு. ஹைப்போகுளோரைட்டுக்கு இன்னொரு குணம் உண்டு, அது செத்த திசுவைக் கரைத்துவிடும். மூலிகை நீர் அதைச் செய்யும் என்று காட்டப்படவில்லை. திசு மிஞ்சினால் கிருமிக்கு அது உணவு. ஆகவே உங்கள் மருத்துவர் வழக்கமான முறையில் மறுசிகிச்சை செய்யட்டும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: முதல் சிகிச்சையில் ஏதேனும் வேர்க்குழாய் விட்டுப்போனதா, மேலே போட்ட அடைப்பு கசிகிறதா, பல்லுக்கு மேலுறையாகத் தொப்பி போடப்பட்டதா? மீண்டும் சீழ் பிடிப்பதற்குக் கழுவிய நீரைவிட இவையே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: மூலிகை ஆய்வுகள் எல்லாம் காகிதத்தோடு நின்றுவிடுகின்றனவே. ஆய்வகத்திலிருந்து வாய்க்கு வந்து வெற்றி பெற்ற தாவரப் பொருள் ஒன்றாவது உண்டா?
– வாசகி, புதுச்சேரி

உண்டு. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், தைல மரத்தின் யூகலிப்டால், புதினா வகையின் மென்தால் ஆகியவற்றோடு மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ந்த கலவைதான் 1879இல் உருவான லிஸ்டரின். ஆறு மாதம் வரை நீண்ட மருத்துவச் சோதனைகளில், பல் துலக்குவதோடு சேர்த்துப் பயன்படுத்தியபோது படலத்தையும் ஈறு அழற்சியையும் குறைப்பது காட்டப்பட்டிருக்கிறது. இந்த வேதிப்பொருள்கள் இப்போது தொழிற்சாலையில் தயாராகலாம். ஆனால் வழி காட்டியவை செடிகள். திரிபலா நீரைக் குளோர்ஹெக்ஸிடினுடன் ஒப்பிட்ட சோதனைகளும் இந்தியாவில் நடந்திருக்கின்றன. ஈறு அழற்சியைக் குறைப்பதில் இரண்டும் நெருங்கி நின்றதாகச் சில முடிவுகள் வந்துள்ளன. பங்கேற்றவர்கள் சிலரே, காலமும் குறுகியது. இருந்தாலும் இந்தத் திசையில் இன்னும் பெரிய சோதனைகள் நடக்க வேண்டும் என்று உறுதியாக விரும்புகிறேன். குளோர்ஹெக்ஸிடினை நெடுநாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படிகிறது, நாக்கின் சுவை மாறுகிறது. தினமும் பயன்படுத்தக்கூடிய, கறை படியாத, விலை குறைந்த ஒன்று நம் மக்களுக்குத் தேவை.

கேள்வி: வெற்றிலைக்குக் கிருமிநாசினிக் குணம் உண்டு என்கிறார்கள். என் தந்தை அதைக் காரணம் காட்டித் தினமும் ஐந்தாறு முறை வெற்றிலை பாக்குப் போடுகிறார்.
– வாசகர், கும்பகோணம்

வெற்றிலையில் உள்ள ஹைட்ராக்ஸிசவிகால் வாய்க் கிருமிகளைத் தடுப்பது உண்மை. உங்கள் தந்தை மெல்வது வெற்றிலையை மட்டும் அல்லவே. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குக்கும் அது பொருந்தும். வாய்க்குள் வெளிறிய பட்டைகள் தெரிகின்றனவா, காரம் பட்டால் எரிகிறதா, மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கிறதா என்று பாருங்கள். ஏதேனும் ஒன்றில் மாற்றம் இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மூன்று வயதுக் குழந்தைக்குப் பல் சொத்தை. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைக்கலாமா? வேப்பெண்ணெய் தடவலாம் என்றும் ஒருவர் சொன்னார்.
– ஓர் இளம் தாய், ஈரோடு

இரண்டும் வேண்டாம், அம்மா. கிருமியைச் சிதைக்கும் அதே யூஜினால், செறிவாகப் பட்டால் ஈறின் உயிரணுக்களையும் சிதைத்துப் புண்ணாக்கும். கிராம்பு எண்ணெயைச் சிறிதளவு விழுங்கிய சிறு குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிப்பும் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்ததால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எச்சரித்தார்கள். பஞ்சில் தொட்டு வைப்பதை மூன்று வயதுக் குழந்தை உறிஞ்சி விழுங்கிவிடும், அளவை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. பூண்டை நசுக்கி ஈறில் கட்டுவதும் கூடாது. சில மணி நேரத்தில் தோல் வெந்துவிடும்.

வலி இருந்தால், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் பல்லைத் துடைத்து, சிக்கிய உணவை எடுங்கள். இரவில் பால் புட்டியோடு தூங்க வைப்பது வழக்கமாக இருந்தால் அதை நிறுத்துங்கள். சொத்தை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மூன்று வயது நிரம்பிய குழந்தைக்குப் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும், துலக்கிய பின் துப்பப் பழக்குங்கள். ‘பால் பல்தானே, விழுந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை, அவற்றின் வேரடியில் சீழ் வைத்தால் கீழே உருவாகிவரும் நிலைப் பல்லின் எனாமலும் பழுதாகும். வீட்டில் கிராம்பு எண்ணெய்க் குப்பி இருந்தால் இப்போதே எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். குழந்தை குடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.